மறுமொழி: லோ வோல்டேஜ் பாதை விளக்கு – ‘தாழ்’ வேண்டாம், ‘சிறு’ வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

‘லோ வோல்டேஜ்’ பாதை விளக்குக்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடலில் வந்த ‘தாழ் மின்னழுத்தப் பாதை விளக்கு’ என்பதை நானும் முதலில் அப்படியே எடுத்துக்கொண்டேன். இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில் பக்கம் எங்கள் கோயில் பாதைக்கு 12 வோல்ட் எல்இடி விளக்குகள் போட்டோம். தைப்பூசக் காவடிக்கு விடியுமுன்பே வெறுங்காலோடு வருவார்கள், அது மழைக்காலம் வேறு. 230 வோல்ட்டைத் தரையோடு ஓட்ட மனசு வரவில்லை. பராமரிப்புக் குறிப்பைத் தமிழில் எழுதி மாட்டினேன். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் குருக்கள் படித்துவிட்டு, “இங்கயும் லோ வோல்டேஜா?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நம் காதுக்கு லோ வோல்டேஜ் என்றால் மிக்சி முனகும், டியூப்லைட் மினுக்கும். அது கோளாறு. நாம் பேசுவதோ வேண்டுமென்றே வைத்த அளவு.

‘தாழ்’ தரநிலைப்படியும் பொருந்தவில்லை. பன்னாட்டு வரையறையில் மாறுமின்னோட்டம் (ஏசி) 1000 வோல்ட் வரை ‘தாழ்’ வகுப்புதான். வீட்டுப் பிளக்கின் 230 வோல்ட்டும் அதில் அடக்கம். 50 வோல்ட்டும் அதற்குக் கீழும் தனி வகுப்பு. எங்கள் எலெக்ட்ரீஷியன் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலுக்கு நடுவே அதைப் பிரெஞ்சில் ‘த்ரே பாஸ் தான்சியோன்’ என்பார், ‘மிகத் தாழ்ந்த’ என்று அழுத்திச் சொல்லி. அமெரிக்கத் தோட்டவிளக்குப் பெட்டியில் 12 வோல்ட்டுக்கே ‘லோ வோல்டேஜ்’ என்று இருப்பது அந்த நாட்டு வழக்கு.

என் பரிந்துரை: சிற்றழுத்தம். சிற்றலை வானொலி, சிற்றுந்து எல்லாம் நமக்குப் பழகியவைதானே. ‘மீத்தாழ்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். துல்லியம்தான், ஆனால் ஏணி மேல் நிற்பவரிடம் கத்திச் சொல்லிப் பாருங்கள்.

சொல்லைச் சோதிக்க ஒரு கணக்கு. எங்கள் பாதை 30 மீட்டர். 3 வாட் விளக்கு 12, ஆக 36 வாட், 3 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போக வர 60 மீட்டருக்கு, சுமை முழுவதும் கடைசியில் இருப்பதாகக் கொண்டால் சுமார் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 2.5 கம்பி என்றால் 1.2 வோல்ட். இதே 36 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டில் அந்த இழப்பு பெரிது, அதனால்தான் மின்மாற்றியைப் பாதையின் நடுவில் வைத்து இருபக்கமும் கம்பி பிரித்தோம். இப்போது எழுதுங்கள்: ‘சிற்றழுத்தக் கம்பியின் கடைசி விளக்குக்குத் தாழ் அழுத்தம்.’ இரண்டுக்கும் ‘தாழ்’ போட்டால் இந்த வாக்கியமே நிற்காது.

‘சிற்றழுத்தம்’ என்றால் ‘இரத்த அழுத்தம்’ நினைவுக்கு வரும் என்பவர்களுக்காக, முதல் இடத்தில் ‘சிறு மின்னழுத்தம்’ என்று முழுதாக எழுதி, அப்புறம் சுருக்கலாம்.

பாதை விளக்குக்கு ‘நடைவிளக்கு’ எனக்குப் பிடித்தது. ஆனால் கோயிலில் நடை சாத்துவது வேறு. மண்ணில் குத்தி நிறுத்துவதால் நியாயப்படி குத்துவிளக்கு, அந்தப் பெயர்தான் ஏற்கெனவே போய்விட்டதே! கூடார முளை போல அடிப்பதால் ‘முளைவிளக்கு’ என்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், மின்மாற்றிப் பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்க வேண்டும்.