தாத்தாவின் முதல் தாரத்துக்குப் பெயர் என்ன? எங்கே தேடுவது?

தறிவீட்டுப் பேரன், குடியாத்தம்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரும் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பொங்கலுக்கு வராதவர்கூட எங்கள் வீட்டில் சிரசுக்கு வந்துவிடுவார். பெங்களூரிலிருந்து இரண்டு சித்தப்பா குடும்பம், ஓசூரிலிருந்து அத்தை, லீவு கிடைத்தால் துபாயிலிருந்து தம்பி. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு பிரதி என்று கொடுக்கும்படி, எங்கள் குடும்பக் கதையை நாற்பது பக்கத்தில் அச்சடித்துவிட வேண்டும் என்று ஆசை. கையில் இருப்பவை தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று, சட்டம் போட்ட போட்டோ நான்கு, எண்பத்து நான்கு வயதுப் பாட்டி.

தாத்தா குழித்தறியில் லுங்கி நெய்தவர். நோட்டு முழுக்க நூல், பாவு, கூலி. இடையிடையே வீட்டுச் செய்தியும் கூலிக் கணக்கைப் போலவே ஒரு வரியில் வந்து போகிறது. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: "துன்முகி ஆவணி 12. பாவு ஒன்று இறக்கியது. வீட்டில் உடம்பு சரியில்லை. வேலூர் போய் வந்தது." இந்த 'வீட்டில்' அடுத்த பக்கங்களில் இன்னும் மூன்று முறை வருகிறது. பங்குனியில் ஒரு நாள் 'காரியம் செலவு' என்று ஒரு தொகை. அதற்குப் பிறகு நோட்டு முடியும் வரை 'வீட்டில்' என்ற சொல்லே இல்லை.

என் பாட்டி அந்த வீட்டுக்கு வாழ வந்தது 1960இல். அப்படியானால் நோட்டில் இருப்பவர் தாத்தாவின் முதல் தாரம். அப்படி ஒருவர் இருந்தார், ஆம்பூர்ப் பக்கத்துப் பெண், குழந்தை இல்லாமலே போய்விட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சில் அவர் வெறும் 'மூத்தவள்'. பெயர் அப்பாவுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. தெரிந்த தலைமுறை போய்விட்டது. வம்சாவளிப் படம் வரைந்தால் ஆண்களுக்கு ஐந்து தலைமுறைக்குப் பெயர் இருக்கிறது. தாத்தாவுக்குப் பக்கத்தில் 'மூத்தவள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. "பிள்ளை இல்லாமல் போனவளைப் படத்தில் போட்டு என்ன செய்யப் போகிறாய்?" என்கிறார் பெரிய சித்தப்பா.

பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்யலாம் என்று போனை எதிரே வைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்கள் குடும்பம் கௌரவமான குடும்பம்" என்று தொடங்கினார். நான்கு நிமிடத்தில் அறுபத்தைந்து வருடமும் முடிந்துவிட்டது. மூத்தவரைப் பற்றிக் கேட்டால், "இப்போது அது எதற்கு?" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

துன்முகி என்பது எந்த வருடம்? இணையத்தில் தேடினால் 2016 என்கிறது! பெயரை எங்கே போய்த் தேடுவது? போட்டோக்களில் இரண்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உரிக்கலாமா? நோட்டுக்கு லேமினேஷன் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

ஓய்வுபெற்ற கிராம நிர்வாகி:

தம்பி, இணையம் சொன்னதும் பொய்யில்லை. அறுபது வருடத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும். 2016க்கு முந்தைய துன்முகி 1956 சித்திரையில் பிறந்து 1957 பங்குனியில் முடிந்தது. ஆகவே ஆவணி 12 என்பது 1956 ஆகஸ்ட் கடைசி வாரம். காரியம் நடந்த பங்குனி, 1957 மார்ச்சும் ஏப்ரலும் சேர்ந்த மாதம்.

இதை நோட்டிலேயே சரிபார்க்கலாம். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. கூலிக் கணக்கில் அணா எந்தப் பக்கத்தில் தயங்குகிறது, நயா பைசா எந்தப் பக்கத்தில் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். சட்டென்று மாறியிருக்காது. பதினாறு அணாவில் ஊறியவர்கள் நூறு பைசாவுக்கு வர நாளாயிற்று.

இந்த அறுபது வருடச் சுழலில் வழுக்கி விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தாது வருடப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, பெரும்பஞ்சத்தின்போது தன் முன்னோர் வாங்கிய நிலம் என்று சாதித்தார். பஞ்சம் வந்தது 1876இல், தாது வருடம்தான். ஆனால் அவர் நீட்டிய முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜின் தலை! 1936ஆம் தாது என்று நான் சொன்னதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

வீட்டில் பழைய பட்டா இருந்தால் பசலி என்று ஓர் எண் இருக்கும், அது நிலவரிக் கணக்கின் ஆண்டு. அதோடு 590ஐக் கூட்டுங்கள். பசலி 1366 என்றால் 1956 ஜூலை 1 முதல் 1957 ஜூன் 30 வரை. தலைப்பில் வடார்க்காடு ஜில்லா என்றிருக்கும். அந்த ஜில்லாவை 1989இல் பிரித்தார்கள், மிச்சமிருந்த வேலூரை 2019இல் மூன்றாக்கினார்கள். இன்றைக்கு ஆம்பூர் இருப்பது திருப்பத்தூர் மாவட்டம். அவருடைய தாய்வீட்டுத் தாள்களைத் தேடுவதானால் அந்தப் பக்கம் விசாரிக்க வேண்டும்.

மாதம் தெரிந்துவிட்டதால் நகராட்சியில் மரணப் பதிவைத் தேடித் தரும்படி மனு கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் 'இன்னார் மனைவி' என்று மட்டும் எழுதி முடித்திருக்கக் கூடும், அதற்கும் தயாராக இருங்கள்.

பாட்டியிடம் வருடம் கேட்டால் வராது. "காமராசர் நம் ஊரில் தேர்தலுக்கு நின்றாரே, அப்போது உங்களுக்கு என்ன வயது?" என்று கேளுங்கள். அது 1954, குடியாத்தம் இடைத்தேர்தல். அவருடைய தாய்வீடு எந்த ஊராக இருந்தாலும் அந்தப் பேச்சு காதில் விழாமல் இருந்திருக்காது.

வேலப்பாடி அத்தை:

நகராட்சிக்குப் போவது இருக்கட்டும், முதலில் பரணில் ஏறுங்கள். வீட்டில் உள்ள பித்தளை, வெண்கலப் பாத்திரம் அத்தனையையும் கவிழ்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். சின்ன உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியாக வெட்டுவார்கள். எழுத்துக் கணக்கில் கூலி என்பதால் சிக்கனமும் உண்டு. எங்கள் அண்டாவில் என் மாமியார் பெயருக்கு ஒரு கால் குறைகிறது, காசை மிச்சம் பிடித்தது யாரோ தெரியவில்லை. பத்திரத்திலும் வம்சாவளியிலும் இடம் கிடைக்காத பெண்ணின் பெயரைச் சொம்பின் அடியில் நானே பார்த்திருக்கிறேன்.

எழுத்து புரியவில்லை என்றால் பதற வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழித்துக்கொள்ளும். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உங்கள் வயதுக்காரர்களுக்கு அது வேறு ஏதோ எழுத்து மாதிரி தெரியும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாட்டி அறுபத்தைந்து வருடமாக 'இளையவள்'. அவரிடம் போய், போனையும் நீட்டி, மூத்தவளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்வார்? உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அவர் புளி ஆயும்போது நீங்களும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். தறிக்கு நூலைத் தாராக எப்படிச் சுற்றுவது என்று கேளுங்கள். கை அசைந்தால் வாய் தானாக அசையும். எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்கிற வரியை எடுத்துவிடுங்கள்.

பழைய ஸ்டூடியோக்காரன், சத்துவாச்சாரி:

ஒட்டிய போட்டோவை உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் சற்றுச் சாய்த்துப் படம் எடுங்கள். நோட்டுக்கு லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் மை மங்கலாம், பிறகு பிரிக்கவும் முடியாது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, கரையான் ஏறாத உயரத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

தறிவீட்டுப் பேரன், குடியாத்தம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நிர்வாகி ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. காரியம் செலவு ரூபாய், அணாவில். நான்கு பக்கம் தள்ளி, கூலிக்கு எதிரே முதல் முறையாக 'ந.பை.' என்று தாத்தா எழுதி, அடித்து, அணாவில் எழுதி, மறுபடியும் 'ந.பை.' என்று எழுதியிருக்கிறார். நகராட்சி மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

அத்தை, பரணில் இரண்டு அண்டா, ஒரு தவலை, ஒரு கூஜா. எல்லாவற்றிலும் தாத்தா பெயர்தான். வெறுத்துப்போய் இறங்கி வந்து தண்ணீர் கேட்டேன். பாட்டி நீட்டிய பித்தளைச் சொம்பை, சிறு வயதிலிருந்து நான் தண்ணீர் குடிக்கும் அதே சொம்பை, குடித்துவிட்டுக் கவிழ்த்தேன். அடியில் புள்ளிகள். முதல் எழுத்து புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிவிட்டது. இரண்டாவது எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை, பிறகுதான் நீங்கள் சொன்ன பழைய 'னா' என்று பிடிபட்டது.

ஜன்னலுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி கையிலிருந்த புளியை வைத்துவிட்டு வந்து சொம்பை வாங்கினார். கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். பெயரை முழுதாகச் சொன்னார். "தார் சுற்றுவதில் அவள் கைதான் வேகம் என்று உன் தாத்தா சொல்லிச் சொல்லியே என்னிடம் வேலை வாங்கினார்" என்றார். குரலில் கோபம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு மணி நேரம் பேசினார். போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது. எழுந்து போனால் பேச்சு நின்றுவிடும் என்று நான் நகரவில்லை. அன்றிரவே நினைவிலிருந்து ஒன்பது பக்கம் எழுதிவிட்டேன்.

பெயரை இங்கே எழுதவில்லை. சிரசு அன்றைக்குப் புத்தகத்தில் வீட்டார் முதலில் பார்க்கட்டும். படத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் இரண்டு பெயர் போட்டுப் பாட்டியிடம் காட்டினேன். "அவள் பெயரை மேலே போடு, முன்னால் வந்தவள்" என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். சொம்பின் அடியை அட்டைப்படமாகப் போட நினைக்கிறேன். எப்படி எடுத்தாலும் பித்தளை மின்னுகிறதே ஒழிய எழுத்து விழவில்லை. ஸ்டூடியோ ஐயா ஒரு வழி சொல்ல வேண்டும்.

பழைய ஸ்டூடியோக்காரன், சத்துவாச்சாரி:

அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேலேயிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், தரையோடு தரையாக வைத்து அடியுங்கள். குழிகளில் நிழல் விழும், எழுத்து எழும்பும். அப்படியும் வரவில்லை என்றால் அரிசி மாவை லேசாகத் தடவி, மேலாகத் துணியால் ஒற்றி எடுங்கள், மாவு புள்ளிகளில் மட்டும் நிற்கும். படம் எடுத்து முடிக்கும் வரை அந்தச் சொம்பை யாரும் புளி போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.