எம்எம் 540: முன் பட்டையைக் கழற்றிவிட்டு காயில் ஓவர் போடலாமா?

கம்பம் ஏலக்காரன்:
அண்ணன்மார்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். என்னுடையது மஹிந்திரா எம்எம் 540, ஃபோர் வீல். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறது. ரோட்டில் குறை இல்லை. தோட்டத்துப் பாதையில் இறங்கியதும் முன்பக்கம் தூக்கிப் போடுகிற போடலில் முதுகு கழன்றுவிடும் போலிருக்கிறது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் எதிர்ச் சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. முன்னால் மட்டும் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) எடுத்துவிட்டு காயில் ஓவர் என்கிற சுருள் ஸ்பிரிங் போட்டால் சரியாகுமா? ஒரு பட்டறையில் "ரெண்டு நாள் வேலை, பிராக்கெட் வெல்டு வைத்தால் போதும்" என்கிறார்கள்.

மூணாறு குளிர்:
போடுங்க ப்ரோ! புது தார் வண்டியில் கம்பெனியே முன்னால் காயில் ஓவர்தான் கொடுக்கிறான்.

போடி பட்டறை:
தம்பி, ரெண்டு நாள் என்று சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள்: பட்டையைக் கழற்றிய பிறகு ஆக்சிலை எது பிடித்துக்கொள்ளும்?

புது தாரை இதில் இழுக்க வேண்டாம். 2020இல் வந்த அந்த வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனியாக மேல் கை, கீழ்க் கையில் தொங்குகின்றன. உங்களுடையதில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆக்சில். அங்கே பட்டை எடையையும் சுமக்கிறது, ஆக்சில் முன்னே பின்னே, இடம் வலம் நகராமலும் பிடிக்கிறது. காயில் ஓவர் என்பது ஷாக் அப்சார்பர் மேலேயே சுருளைக் கோத்த சாமான். சுமக்கும், பிடிக்காது. பிடிப்பதற்கு ஆக்சிலை வண்டியின் சேஸோடு கோக்கும் லிங்க் கீழே இரண்டு, மேலே ஒன்று, இடம் வலம் நகராமலிருக்கக் குறுக்கே ஒரு பனார்ட் கம்பி வேண்டும். அந்த மேல் லிங்க்குக்கு இன்ஜின் சம்ப்புக்கும் சைலன்சர் பைப்புக்கும் நடுவில் இடம் தேடுவதற்குள்ளேயே அந்த ரெண்டு நாள் போய்விடும்.

பனார்டை எங்கே வெல்டு வைக்கிறார்கள் என்பதில்தான் உயிரே இருக்கிறது. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பப் போகும் டிராக் லிங்க்கும் பனார்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். கம்பம்மெட்டு கொண்டை ஊசியில் அதை யோசித்துப் பாருங்கள். லிங்க் நீளம் தப்பினால் காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) கெட்டு, நேர் ரோட்டில் ஸ்டீயரிங் உதறும்.

அப்புறம் சேஸ். பட்டையில் எடை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் இறங்குகிறது. காயில் ஓவரில் ஒரு பக்கத்து எடை முழுக்க மேலே ஒரே போல்ட்டில் தொங்கும். பழைய ஷாக் பிராக்கெட் அதற்காகச் செய்ததே இல்லை. தனியாக டவர் எழுப்ப வேண்டும், சேஸ் சி வடிவமாக இருந்தால் அந்த இடத்தில் தகடு வைத்துப் பெட்டியாக்க வேண்டும். 12 இஞ்ச் ஓட்டமுள்ள சாமான் என்றால் மட்கார்டை வெட்டாமல் நிற்காது. சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஷாக் இழுபடாமல் இருக்க ஸ்டிராப், முழுசாக ஏறும்போது தாங்க பம்ப் ஸ்டாப், நீளமான பிரேக் ஹோஸ். இதையெல்லாம் அந்தப் பட்டறை கணக்கில் சேர்த்ததா?

ஆனால் "முன்னால் மட்டும்" என்று கேட்டீர்களே, அது நியாயம். முன்னால் இன்ஜின் எடை மாறாது. பின்னால் ஒருநாள் காலி, மறுநாள் எட்டு ஆளும் மூட்டையும். அதற்குப் பட்டையே மேல். முன்னால் சுருள் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஜிம்னி மாதிரி காயில் தனி, ஷாக் தனி என்று செய்யலாம். அதிலும் லிங்க் வேலை உண்டு, ஆனால் ஷாக் போனால் ஷாக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நைட்ரஜன் அடைத்த காயில் ஓவரின் தண்டில் சேறு கீறி சீல் போனால், நம் ஊரில் யாரிடம் கொண்டுபோவீர்கள்?

சூரியநெல்லி ஜீப்:
கொழுக்குமலைப் பாதையில் நான் ஓட்டுவது பட்டை வண்டிதான். வழியில் பட்டை உடைந்தால் கட்டையை முட்டுக் கொடுத்து, கயிற்றால் கட்டி மெதுவாக இறங்கிவிடலாம். ஏலக்காரரே, முதலில் கீழே படுத்து ஷேக்கிளை, அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு கோக்கும் ஆடுகிற துண்டைப் பாருங்கள். பட்டை அமுங்கும்போது நீளும், அதற்கு ஷேக்கிள் ஆட வேண்டும். துருப்பிடித்தோ நட்டை அளவுக்கு மீறி இறுக்கியோ இருந்தால் புது ஷாக் போட்டாலும் தூக்கித்தான் போடும். தோட்டப் பாதையில் டயர் காற்றையும் கொஞ்சம் குறையுங்கள், ரோட்டுக்கு வந்ததும் அடித்துக்கொள்ளலாம்.

குமுளிக்காரன்:
யாரும் சட்டத்தைச் சொல்லவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு: கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்ததும் கேரள வழக்கு ஒன்றில்தான். 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. தேனியின் டிஎன் 60 வண்டி என்றாலும் மெட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அதே சட்டம்தான். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரனுக்கும் ஒரு சாக்கு.

கம்பம் ஏலக்காரன்:
படுத்துப் பார்த்தேன் அண்ணே. இடது ஷேக்கிள் கம்பி போட்டு நெம்பினாலும் அசையவில்லை. முன்பட்டை இரண்டு பக்கமும் பழைய ஓனர் கூடுதலாகப் பட்டை சொருகியிருக்கிறார், துருவின் நிறமே வேறு. எடுத்துவிடலாமா?

போடி பட்டறை:
எடுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. மெயினுக்கு (முனையில் கண் சுருட்டிய பெரிய பட்டை) அடுத்த பட்டையை எடுத்துவிடாதீர்கள், மெயின் உடைந்தால் ஆக்சிலைப் பிடிப்பது அதுதான். ஒவ்வொரு பட்டையையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நடுவில் கிரீஸ் தடவி அடுக்கச் சொல்லுங்கள். ஷேக்கிள் புஷ், பின் புதுசு. பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும் புதுசாகவே போடுங்கள். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்குங்கள். பட்டையைக் குறைத்தால் வண்டி கொஞ்சம் தாழும், பம்ப் ஸ்டாப்புக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.