கறித்தூள் பைக்கற்றுக்குள் பரிசுக் கூப்பன் வைத்தால் அது லொத்தரா?

சுன்னாகம் தூள்:
வணக்கம். நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வீட்டிலேயே கறித்தூள் வறுத்து, மில்லில் அரைத்து விற்கிறோம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளியூர்ச் சனமும் வெளிநாட்டுச் சனமும் வரும். அந்த 25 நாளும் ஒவ்வொரு 250 கிராம் பைக்கற்றுக்குள்ளும் இலக்கம் போட்ட கூப்பன் வைத்து, கடைசி நாள் குலுக்கி ஒருவருக்குச் சைக்கிள் கொடுக்க யோசித்தோம். விலையைக் கூட்டவில்லை. அச்சகத்தில் நின்ற ஒருவர், "இது லொத்தர், நீங்கள் நடத்த ஏலாது" என்றார். கடைகளில் எத்தனை சாமானில் பரிசு என்று போட்டிருக்கிறார்கள்! 2000 கூப்பனுக்கு நாளைக்கு முற்பணம் கட்ட வேண்டும். என்ன செய்வது?

வண்ணார்பண்ணை:
முற்பணம் கட்டாதீர்கள் அக்கா. மூன்று விஷயத்தைப் பாருங்கள்: பரிசு இருக்கிறதா, அது யாருக்கு என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறதா, அதில் சேரக் காசு கொடுக்க வேண்டுமா. மூன்றும் இருந்தால் பொதுவாக அது லொத்தர்தான். இங்கே இலங்கையில் நினைத்தவர் எல்லாம் லொத்தர் நடத்த ஏலாது: லொத்தர் கட்டளைச் சட்டம் 1844 இலேயே வந்துவிட்டது. தேசிய லொத்தர் சபைகூட 1963 நிதிச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. அபிவிருத்தி லொத்தர் சபைக்கு 1997 இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

லண்டன் தம்பி:
இங்கே கடைக்குக் கடை இப்படிச் செய்கிறார்கள். விலையைக் கூட்டாவிட்டால் பிரச்சினை இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அக்காவும் கூட்டவில்லையே?

வண்ணார்பண்ணை:
தம்பி, அது உங்கள் ஊரின் 2005 சூதாட்டச் சட்டம். 2007 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பரிசுக்காக விலை கூட்டாவிட்டால், பொருளுக்குக் கொடுக்கும் காசைப் பங்கேற்கக் கொடுத்த காசாக எடுக்கமாட்டார்கள். அதற்கு முன் அங்கேயும் நிலைமை வேறு. 1883 இல் டெய்லர் எதிர் ஸ்மெட்டன் என்று ஒரு வழக்கு. ஒருவர் கூடாரம் போட்டுத் தேயிலைப் பைக்கற் விற்றார். ஒவ்வொன்றிலும் பரிசுக் கூப்பன். என்ன பரிசு என்பது வாங்கிப் பிரித்தால்தான் தெரியும். தேயிலை நல்ல தேயிலை, கொடுத்த காசுக்குப் பெறுமதியும் இருந்தது. ஆனாலும் அது லொத்தர் என்றே தீர்ந்தது: கொடுத்த காசில் தேயிலையும் இருக்கிறது, பரிசுக்கான வாய்ப்பும் இருக்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை. அக்காவின் கறித்தூளும் கிட்டத்தட்ட இதே கதைதான்! 1980 இல் ஒரு சிகரெட் கொம்பனியின் பரிசுத் திட்டத்துக்கும், அப்போது அங்கே அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அப்படியே தீர்ப்பளித்தது. அதில் கொஞ்சச் சீட்டை இலவசமாகக் கொடுத்தும் தப்பவில்லை. பெரும்பாலானோர் காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள். எங்கள் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்தது. சட்டத்தரணிகள் இந்தத் தீர்ப்புகளையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

கோண்டாவில் பேக்கரி:
எங்களுக்கும் இந்த ஆசை வந்தது. கடைசியில் பெரிய பணிஸ் பைக்கற் வாங்கும் எல்லோருக்கும் ஒரு சின்னக் கரண்டி கொடுத்தோம். எல்லோருக்கும் ஒரே பொருள், குலுக்கல் இல்லை. அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்று அக்கா, அச்சடித்த கடதாசியைத் தூளுக்குள் நேரே போடப் போகிறீர்களா? மை சாப்பாட்டில் படுமே.

சுன்னாகம் தூள்:
நல்ல காலம் கேட்டீர்கள். நேற்று ஒரு மாதிரித் துண்டைத் தூளுக்குள் வைத்துப் பார்த்தேன். காலையில் எடுத்தால் ஓரமெல்லாம் மிளகாய் எண்ணெய் ஊறிச் சிவந்துவிட்டது, 7 ஆ 1 ஆ என்று தெரியவில்லை. அது வேண்டாம். சரி, கடை வாசலில் பெட்டி வைத்து, தூள் வாங்காதவர்களும் பெயர் எழுதிப் போடலாம் என்றால்?

வண்ணார்பண்ணை:
அது நல்லது. ஆனால் உண்மையாகவே இலவசமாக இருக்க வேண்டும்: வாங்கியவர், வாங்காதவர் எல்லோருக்கும் அதே பெட்டி, அதே வாய்ப்பு, அதையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது சமையல் போட்டி. நடுவர் ருசி பார்த்துத் தெரிவு செய்தால் அங்கே திறமைதான் வெல்கிறது. தெரிவானவர்களுக்குள் பிறகு குலுக்கிவிடாதீர்கள், பழையபடி அதிர்ஷ்டம் வந்துவிடும். எதுவானாலும் சொன்ன பரிசைச் சொன்ன நாளில் கொடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டம், வியாபாரி ஆட்களைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, அச்சுக்குக் கொடுக்க முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

சுன்னாகம் தூள்:
மிகவும் நன்றி. நால்வரும் கதைத்து முடிவெடுத்துவிட்டோம்: ஒடியல் கூழ்ப் போட்டி. எங்கள் தூளில்தான் காய்ச்ச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சைக்கிளுக்குப் பதில் பிரஷர் குக்கர். நாளைக் காலை அச்சகத்துக்கு இல்லை, முதலில் சட்டத்தரணியிடம்தான் போகிறேன்.