ஒரு ஊர் டிக் பண்ணா ரிப்போர்ட் வருது, ரெண்டு பண்ணா எரர். அவசரம்!

மல்லி_மொட்டு:
மாட்டுத்தாவணி பூக்கடை கமிஷன் சாஃப்ட்வேர். டிக் பண்ண ஊரெல்லாம் ப்ரொசீஜருக்கு (டேட்டாபேஸ்ல சேமிச்சு வச்ச க்வெரி) போகணும். மேலூர் மட்டும்னா வருது. கூட உசிலம்பட்டியும் சேர்த்தா எரர். சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்ணே.

திருமங்கலத்தான்:
எந்த டேட்டாபேஸ்? என்ன எரர்? க்வெரியில வடிகட்டுற வேர் கண்டிஷனைப் போடுங்க.

வைகைக்கரை:
கமாவுக்கு அப்புறம் ஸ்பேஸ் இருக்கும். ஸ்பேஸை வெட்டுற ட்ரிம் போடுங்க.

மல்லி_மொட்டு:
எஸ்கியூஎல் சர்வர்தான். ஊர்ஐடி இன் (@ஊர்கள்). மேலூர் ஐடி 3, உசிலம்பட்டி 7. '3,7'ஐ இன்ட்டா (முழு எண்) மாத்த முடியலைங்குது.

பழைய_கொக்கி:
ட்ரிம்மாம்! தம்பி, தேடிப் பார்த்துட்டு கேக்குற பழக்கமே கிடையாதா? '3,7' ரெண்டு எண் இல்ல, ஒரே ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). '3' தனியா வந்தா இன்ட்டா மாறிரும், அதான் மேலூர் தப்பிச்சுச்சு. இன் (செலக்ட் வேல்யூ ஃப்ரம் ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட்(@ஊர்கள், ',')) போடு, கமாவுல தனித்தனியா பிரிச்சுத் தரும். @ஊர்கள் பாராமீட்டரை வார்சார்(50)னு, அதாவது 50 எழுத்துக்குன்னு வச்சிருந்தா நீளமான லிஸ்ட் சத்தமில்லாம வெட்டுப்படும், அதையும் பாரு.

மல்லி_மொட்டு:
ஸ்ட்ரிங்_ஸ்ப்ளிட்னு ஒண்ணு இல்லவே இல்லைங்குது. சர்வர் 2017.

திருமங்கலத்தான்:
2012 பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணதா? கம்பாட்டிபிளிட்டி லெவல் (எந்த வெர்ஷன் மாதிரி நடக்கணும்ங்கிற செட்டிங்) 110லயே நிக்கும், இதுக்கு 130 வேணும். சிஸ்.டேட்டாபேஸஸ்ல பாருங்க. அவசரத்துல ஏத்தாதீங்க, மத்த க்வெரி ஓடுற ப்ளானும் மாறும். லிஸ்ட்டை டேபிளாவே அனுப்புற டேபிள் டைப் 2008லேருந்தே இருக்கு, அதுல போங்க:
க்ரியேட் டைப் ஊர்லிஸ்ட் அஸ் டேபிள் (ஐடி இன்ட் ப்ரைமரி கீ)
ப்ரொசீஜர்ல @ஊர்கள் ஊர்லிஸ்ட் ரீட்ஒன்லி. ரீட்ஒன்லிங்கிற வார்த்தையை விட்டுட்டா கம்பைலே ஆகாது. 'இன்'னுக்குப் பதிலா அந்த லிஸ்ட்டோட ஜாயின். சி ஷார்ப்ல டேட்டாடேபிளை நிரப்பி, எஸ்கியூஎல்டிபிடைப்.ஸ்ட்ரக்சர்ட், டைப்நேம் 'டிபிஓ.ஊர்லிஸ்ட்'. ஒரே ஐடி ரெண்டு தடவை போனா ப்ரைமரி கீ எரர் அடிக்கும்.

வைகைக்கரை:
எதுக்கு இம்புட்டு? க்வெரியை ஸ்ட்ரிங்கா ஒட்டி எக்ஸிக்யூட் பண்ணா ரெண்டு வரி.

பழைய_கொக்கி:
எவனாவது ஐடி இடத்துல டேபிளையே அழிக்கிற ட்ராப் டேபிள் கட்டளையை அனுப்பினா கடைக் கணக்கே காலி.

வைகைக்கரை:
செக்பாக்ஸ்ல எவன்யா டைப் அடிப்பான்?

பழைய_கொக்கி:
ப்ரவுசர் அனுப்புறதை வழியில மாத்த முடியாதா? அதோட இப்படி ஒட்டி ஓட்டுற டைனமிக் க்வெரின்னா ப்ரொசீஜர் பெர்மிஷன் பத்தாது, டேபிளுக்கே செலக்ட் உரிமை குடுக்கணும். பூட்டைக் கழட்டிட்டு சாவி தேடுற கதை.

வைகைக்கரை:
நாங்க குடுத்துத்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகல.

பழைய_கொக்கி:
இன்னும் ஆகல.

மல்லி_மொட்டு:
டேபிள் டைப்ல ஓடிருச்சு. நடுவுல பெர்மிஷன் எரர் வந்துச்சு, டைப்புக்கும் எக்ஸிக்யூட் கிராண்ட் குடுத்தேன். நன்றிண்ணே.

திருமங்கலத்தான்:
எதையுமே டிக் பண்ணலைன்னா எல்லா ஊரும் வரணுமா? இப்ப ஜாயின்ல ஒண்ணுமே வராது. சி ஷார்ப்லேருந்து டிபிநல்.வேல்யூ அனுப்பிறாதீங்க, அது எரர். காலி டேட்டாடேபிளை அனுப்பிட்டு, ப்ரொசீஜர்ல நாட் எக்ஸிஸ்ட்ஸ் வச்சு லிஸ்ட் காலியான்னு பாருங்க.

திருமங்கலத்தான்:
தம்பி, இருக்கீங்களா?