பிரேக் பெடல் தரை வரை போகிறது: சாதாரணக் காரை டிராக்குக்குத் தயார் செய்ய எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஹாட்ச்பேக்காரன்:
வணக்கம் நண்பர்களே. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக் வைத்திருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. தினமும் வேலைக்குப் போய் வருவதும் இதில்தான். சமீபத்தில் ஒரு டிராக் டேயில் (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டினேன். முதல் சில சுற்றுகள் அருமையாகப் போனது. அப்புறம் நேர்பாதை முடிவில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போக ஆரம்பித்து, கடைசியில் கிட்டத்தட்ட தரையைத் தொட்டுவிட்டது. மெதுவாக உருட்டி உள்ளே வந்துவிட்டேன். வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது பார்த்தால் பிரேக் பழையபடி நன்றாக இருக்கிறது!

துளை போட்ட பெரிய டிஸ்க் மாற்றச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். முன் டயர்களின் வெளி ஓரமும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அதற்கு அகலமான டயர் போடச் சொல்கிறார். எதை முதலில் செய்வது?

டார்க்ரெஞ்ச்:
எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. பெடல் ஆழமாகப் போனபோது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்ததா, இல்லை கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் பெடல் மேலே வந்ததா?

ஹாட்ச்பேக்காரன்:
மெத்தென்றுதான் இருந்தது. ஆமாம், அடுத்தடுத்து மிதித்தபோது கொஞ்சம் மேலே வந்தது. பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் தேடினேன். எங்கேயும் இல்லை.

டார்க்ரெஞ்ச்:
அப்படியானால் டிஸ்க்கைக் குறை சொல்ல எதுவும் இல்லை. உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறிய பின் 155. டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். உராய்வுக் கட்டையான பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் கேலிப்பர். அதற்குள் ஆயில் கொதித்து ஆவியானால், உங்கள் கால் பலம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். பிஸ்டனுக்கு அழுத்தம் போகாது. சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். வீட்டுக்குப் போகும்போது பிரேக் நன்றாக இருந்ததன் மர்மம் இவ்வளவுதான்.

சாலையில் ஏன் இது வருவதில்லை என்று கேட்பீர்கள். 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்குக் குறைக்கும்போது பிரேக்கில் இறங்கும் வெப்பம், 60-லிருந்து முழுவதும் நிறுத்துவதைவிட ஆறு மடங்கு. டிராக்கில் அதையே ஒவ்வொரு சுற்றிலும் சில இடங்களில் செய்கிறீர்கள், நடுவில் ஆறவும் விடுவதில்லை.

ஆகவே முதல் வேலை, நல்ல டாட் 4 அல்லது 5.1 ஆயில் வாங்கி முழுவதும் மாற்றுவது. வெறும் டாட் 5 என்று எழுதிய டப்பாவை மட்டும் தொடாதீர்கள். அது சிலிக்கான் வகை, உங்கள் வண்டியில் இருப்பதோடு சேராது. பெயர்தான் குழப்பும், 5.1-க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நாலாம்கியர்:
துளை போட்ட டிஸ்க் பற்றி நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் டிராக் சூட்டில் விரிசல் பெரும்பாலும் அந்தத் துளைகளின் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். சாதாரண வழவழப்பான டிஸ்க்கே போதும். பெரிய டிஸ்க் என்றால் சக்கரத்துக்குள் அடங்குமா என்பது தனித் தலைவலி.

டார்க்ரெஞ்ச் அண்ணன் முதலில் கேட்டதில் இரண்டாவது பாதியை மறக்காதீர்கள் நண்பரே. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது பேட் பிரச்சினை. பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டினால் உராய்வு போய்விடும். உங்களுக்கு ஆயில் முந்திக்கொண்டது. ஆயிலைச் சரிசெய்தால் அடுத்து பேட் கைவிரிக்க வாய்ப்பு உண்டு. தினமும் ஓட்டும் வண்டிக்கு முழு ரேஸ் பேட் வேண்டாம். காலையில் குளிர்ந்த டிஸ்க்கில் சரியாகப் பிடிக்காது, கத்தும். சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவான நடுத்தர வகை ஒன்று பாருங்கள்.

மூன்றாவது வளைவு:
பிரேக் எல்லாம் சரி ப்ரோ, ஒட்டுகிற டயர் போடுங்கள், வளைவில் வித்தியாசம் தெரியும்! பக்கெட் சீட், நாலு முனை பெல்ட்டும் சேர்த்துப் போட்டால் செம.

டார்க்ரெஞ்ச்:
டயர் ஒட்டினால் வேகம் கூடும், வேகம் கூடினால் பிரேக் இன்னும் சூடாகும். நீண்ட வளைவில் என்ஜின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும் அபாயமும் கூடும். இருக்கிற டயரில் ஓட்டக் கற்ற பிறகு அது. பெல்ட் விஷயத்தில் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். ரோல் பார் (கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புச் சட்டம்) இல்லாத காரில் அந்த பெல்ட் உங்களை நிமிர்ந்தபடியே கட்டிவைக்கும். வண்டி கவிழ்ந்து கூரை இறங்கினால் உடம்பு சாய வழியில்லை. கம்பெனி பெல்ட்டும் ஏர்பேகும் ஒன்றோடொன்று பொருந்தும்படி அமைத்தவை, அப்படியே விடுங்கள்.

ஹாட்ச்பேக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை நண்பனை உட்காரவைத்துப் பெடல் மிதிக்கச் சொல்லி ஆயில் மாற்றினோம். ப்ளீட் நிப்பிளில் (பழைய ஆயிலை வெளியேற்றும் சின்னத் திருகு) தெளிவான குழாய் மாட்டி பாட்டிலில் விட்டால், முதலில் வந்தது கடுந்தேநீர் நிறம். முன் இடது கேலிப்பரிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் வேறு. வெளிர் மஞ்சளாக வரும்வரை விட்டோம். இப்போது பெடல் மேலேயே கெட்டியாக நிற்கிறது. டயருக்கு என்ன செய்யலாம்?

டார்க்ரெஞ்ச்:
அருமை. மேல் தொட்டியில் அளவு குறையாமல் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா? குறைந்திருந்தால் காற்று உள்ளே போயிருக்கும்.

டிராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள், பெடலையும் மிதித்தபடி நிற்காதீர்கள். முதல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கொதிக்கிற டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அந்த இடத்தில் பேட் பொருள் படிந்து, பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். பலர் டிஸ்க் வளைந்துவிட்டது என்று புதிது வாங்குவது இதற்குத்தான்.

நாலாம்கியர்:
டயருக்கு நான் வருகிறேன். வெளி ஓரம் தேய முக்கியக் காரணம், வண்டி வளைவில் சாயும்போது முன் சக்கரமும் சேர்ந்து வெளிப்பக்கம் சாய்வது. அலைன்மெண்டில் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருப்பது) கூட்டினால் குறையும். ஆனால் பல சாதாரண கார்களில் கேம்பர் திருத்த வழியே இருக்காது. இன்னொரு காரணம் ஓட்டுபவர். வேகமாக உள்ளே போய் ஸ்டீயரிங்கை மேலும் மேலும் ஒடித்தால் முன் டயர் உரசிக்கொண்டே போகும். கொஞ்சம் முன்னதாகவே வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், டயரும் மிஞ்சும்.

காற்றை இப்படிச் சோதியுங்கள். பல டயர்களின் பக்கவாட்டு ஓரத்தில் சின்ன முக்கோணம் இருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு சில சுற்று ஓட்டுங்கள். உரசல் முக்கோணம் வரை வந்திருந்தால் சரி. தாண்டியிருந்தால் டயர் மடிகிறது, காற்றைக் கூட்டுங்கள். அதுவரை வரவே இல்லை என்றால் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறையுங்கள். சூட்டில்தான் அளக்க வேண்டும். குளிரில் 33 வைத்த டயர், 45 டிகிரி கூடுதலாகச் சூடானால் 40-க்கு வந்துவிடும்.

பழைய ஸ்பேனர்:
தாமதமாக வருகிறேன். என்ஜின் ஆயில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தாண்ட வேண்டாம். ஸ்டெப்னி, ஜாக்கி, ஓட்டுநர் பக்க மேட் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். மேட் நகர்ந்து பெடலுக்கு அடியில் போனால் புது ஆயில் போட்டும் பயனில்லை. வீல் நட்டுகளை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பாருங்கள். டிராக்கில் காற்றைக் குறைத்திருந்தால், கிளம்பும் முன் டயர் ஆறியதும் சாலை அளவுக்கு ஏற்றிவிட்டுப் புறப்படுங்கள்.