கோஹார்ட்: 'நுழைவணி' சரிவருமா?

> வயதுக்குழு என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.
> தொகுதி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

அன்பு நண்பர்களுக்கு,

கோஹார்ட் (cohort) என்றால் ஒன்றாகச் சேர்த்து எண்ணப்படும் மாணவர் கூட்டம்; அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நாம் மொழிபெயர்ப்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் எத்தனை விழுக்காட்டினர் படிப்பை முடிக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை. அங்கே வயது கணக்கில்லை. 9ஆம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்த ஆண்டுதான் கணக்கு. அந்த ஆண்டில் சேர்ந்தவர்களோடு இடையில் வந்தவர்களைக் கூட்டி, பள்ளி மாறியவர்களையும் நாட்டை விட்டுப் போனவர்களையும் இறந்தவர்களையும் கழிக்கிறார்கள். மிஞ்சுவது அந்த வீதப் பின்னத்தின் பகுதி (கீழெண்). நான்கு ஆண்டுக்குள் முறையான டிப்ளோமா (பள்ளி நிறைவுச் சான்றிதழ்) வாங்கியவர்கள் அதன் தொகுதி (மேலெண்). ஆகவே கோஹார்ட்டைத் 'தொகுதி' என்றால் பகுதியில் இருப்பதற்குத் தொகுதி என்று பெயர் வைத்ததாகிவிடும்! ஆசிரியர்கள் குழம்பிப்போவார்கள்.

நான் இதில் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் சிறு பள்ளியின் தலையெழுத்தே இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 40 பேர் சேர்ந்த ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 26 பேர் முடித்தார்கள். 4 பேர் வாடகை கட்ட முடியாத பெற்றோருடன் ஊர் மாறிப்போனார்கள். அங்கே சேர்ந்துவிட்டதாகப் புதிய பள்ளியிலிருந்து எழுத்துச் சான்று வந்தால் 36க்கு 26, அதாவது 72 விழுக்காடு. வராவிட்டால் 40க்கு 26, வெறும் 65. 2015ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டப்படி, மூன்றில் ஒரு பங்கோ கூடுதலாகவோ பிள்ளைகள் முடிக்காத பள்ளி, மேம்பாடு தேவைப்படும் பள்ளிகளின் பட்டியலில் ஏறும். மொத்தம் 100 பேருக்குக் குறைந்த பள்ளிகளுக்கு மாநிலம் சலுகை காட்டலாம். வகுப்புக்கு 40 பேர் உள்ள பள்ளிக்கு அதுவும் கிடையாது. கற்பித்தலில் ஒரு மாற்றமும் இல்லை, நாலு தாள் வரவில்லை, அவ்வளவுதான்.

எனவே யாரை எண்ணுகிறோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் பரிந்துரை 'நுழைவணி': ஒரே ஆண்டில் நுழைந்தவர்களின் அணி. முழுத்தொடருக்கு 'நான்காண்டு நுழைவணி நிறைவு வீதம்'. 'பட்டம்' வேண்டாம், கல்லூரியை நினைவூட்டும். 'தேர்ச்சி'யும் வேண்டாம், அது தேர்வுக்கு உரியது. கூட்டிக் கழித்ததைக் குறிக்க 'சரிக்கட்டிய' என்று ஒருவர் எழுதியிருந்தார்; ஆளைச் சரிக்கட்டுவது என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும், தயவுசெய்து வேண்டாம். 'சரிசெய்த' போதும்.

ஒரு நெருடல் மட்டும் பாக்கி. 11ஆம் வகுப்பில் மாற்றலாகி வந்த பிள்ளையும் இந்த அணியில் அடக்கம். அவரை 'நுழைந்தவர்' என்பது பொருந்துமா? 'உடன்சேர் அணி' இன்னும் பொருத்தமோ என்று தோன்றுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.