செவ்வாயின் உயரத் தரவில் வளைமை வரைபடத்தில் வரும் கோடுகள்: நிலவடிவமா, பிழையா?

கேள்வி (மேட்டுநிலம்)

செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டு, மோலா லேசர் உயரமானியின் தரவிலிருந்து சரிவு, வளைமை (சரிவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது), நீரோட்டத் திரட்சி (ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நீர் வந்து சேரும் என்பது) ஆகியவற்றைக் கணக்கிட்டு வருகிறேன். சரிவு வரைபடம் நம்பும்படி இருக்கிறது. வளைமை வரைபடத்திலோ, ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடும் மெல்லிய கோடுகள் எங்கும் தெரிகின்றன. இவை நிலப்பிளவுகளா? மேலும், நீரோட்டத்தைக் கணக்கிடுமுன் மென்பொருள் தாழ்நிலங்களை எல்லாம் நிரப்பிவிடுவதால், விண்கல் பள்ளங்கள் தட்டைத் தளங்களாக மாறி, அவற்றின்மேல் ஓடைகள் அளவுகோல் வைத்து வரைந்தாற்போல் ஓடுகின்றன. எதை மாற்ற வேண்டும்?

பதில் (கட்டவலை)

அவை பிளவுகள் அல்ல. விண்கலம் பறந்த தடங்கள். மோலாவைச் சுமந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் துருவங்களை ஒட்டிச் சுற்றியபடி நொடிக்கு 10 லேசர் துடிப்புகளை அனுப்பியது. ஆகவே ஒரே தடத்தில் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஓர் அளவீடு கிடைத்தது. ஆனால் நிலநடுக்கோட்டுப் பகுதியில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே பல இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் வெற்றிடம் உண்டு. நீங்கள் இறக்கியிருக்கும் 463 மீட்டர் கட்டவலையில் (தரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் தரும் தரவு) அந்த வெற்றிடம் இடைச்செருகலால், அதாவது பக்கத்து அளவீடுகளிலிருந்து ஊகித்த உயரங்களால், நிரப்பப்பட்டது. தடத்தின் மேல் உண்மையான மேடுபள்ளம், தடங்களுக்கு நடுவே வழவழப்பான கற்பனைப் பரப்பு. இரண்டும் சந்திக்கும் விளிம்பைத்தான் வளைமை உங்களுக்குக் காட்டுகிறது.

சரிவில் இது தெரியாததற்குக் காரணம், சரிவு முதல் வகைக்கெழு, வளைமை இரண்டாம் வகைக்கெழு என்பதே. கட்டத்தின் அகலம் பாதியானால், அதே உயரப் பிழை சரிவில் இரு மடங்காகவும் வளைமையில் நான்கு மடங்காகவும் பெருகும். தரவுடன் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை துடிப்புகள் விழுந்தன என்ற எண்ணிக்கைக் கோப்பும் வெளியிடப்பட்டிருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சுழியம் உள்ள கட்டங்களை மறைத்துவிட்டு, 3×3 கட்டங்கள் கொண்ட சாளரத்துக்குப் பதிலாக அகன்ற சாளரத்தில் இருபடிப் பரப்பை (இருபடிச் சமன்பாட்டால் அமையும் வளைந்த பரப்பை) பொருத்திப் பாருங்கள்.

இன்னொன்று: கட்டங்கள் பாகை அளவில் சமமானவை, மீட்டர் அளவில் அல்ல. ஜெசெரோ இருக்கும் 18 பாகை வடக்கில் கிழக்கு மேற்கு அகலம் ஏறத்தாழ 440 மீட்டர்தான். 60 பாகையில் அது பாதியாகிவிடும். எல்லா இடத்திலும் 463 என்று கொடுத்தால் கிழக்கு மேற்குச் சரிவு குறைத்தே கணக்கிடப்படும்.

பதில் (பழைய ஆறு)

மேலே சொன்னவற்றில் சாளரத்தை அகலமாக்கும் யோசனையை மட்டும் எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். கோடுகளோடு குறுகிய பள்ளத்தாக்குகளும் மங்கிவிடும்.

தாழ்நிலம் நிரப்பும் வழக்கம் புவிக்கானது. புவியில் மூடிய தாழ்நிலம் பெரும்பாலும் தரவுப் பிழையாக இருக்கும். செவ்வாயில் அது பெரும்பாலும் உண்மையான விண்கல் பள்ளம். ஜெசெரோவையே பாருங்கள். ஏறத்தாழ 45 கிலோமீட்டர் விட்டமுள்ள அதற்கு மேற்கிலும் வடக்கிலும் நீர் நுழைந்த வாய்க்கால்களும் கிழக்கில் விளிம்பை அறுத்து வெளியேறிய வாய்க்காலும் உண்டு. வெளியேறும் வாய் பள்ளத் தரையைவிட மேலே இருப்பதால், நீர்மட்டம் அதுவரை ஏறியிருக்க வேண்டும். கண்மூடித்தனமாக நிரப்பும் கட்டளையோ, ஏரியாக இருந்த ஜெசெரோவையும் பின்னாளில் விழுந்த வறண்ட பள்ளத்தையும் ஒன்றாகவே நடத்துகிறது. சில கட்டங்கள் மட்டுமே உள்ள ஆழமற்ற குழிகளை நிரப்புங்கள். பெரியவற்றை நீர் சேரும் முடிவிடங்களாக விட்டுவிடுங்கள். பள்ளத்தாக்குகள் மிகப் பழையவை, நாம் நீரை ஓடவிடுவதோ இன்றைய தரையில். இரண்டும் விலகும் இடங்களைப் பிழையென்று ஒதுக்கிவிடாதீர்கள், பின்னர் நிலம் குலைந்ததன் தடயமாக அவை இருக்கலாம்.

மேட்டுநிலம்

இருவருக்கும் நன்றி. எண்ணிக்கைக் கோப்பை மேலே பொருத்தியதும், கோடுகள் அளவீடு உள்ள கட்டங்களின் வரிசையோடு அப்படியே ஒத்துப்போயின. பிளவுகள் என்று எழுதியிருந்த பத்தியை நீக்கிவிட்டேன். வாய்க்கால்களை மட்டும் நுணுக்கமாகப் பார்க்க எந்தத் தரவு ஏற்றது?

கட்டவலை

பெர்சவரன்ஸ் உலவூர்தி 2021 பிப்ரவரியில் இறங்குவதற்காக, சிடிஎக்ஸ் என்ற செவ்வாய்ச் சுற்றுக்கலக் கேமரா இரு கோணங்களில் எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து 20 மீட்டர் கட்டவலையை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் ஜெசெரோவுக்கு உருவாக்கியிருக்கிறது, அதையே எடுங்கள். அதில் தடக் கோடுகள் வராது. ஆனால் நிழலிலும் வழவழப்பான மணற்பரப்பிலும் படங்கள் சரியாகப் பொருந்தாமல் புள்ளிப் புள்ளியான இரைச்சல் வரும்; வளைமை அதை மணல்மேடு போலவே காட்டும் என்பதால், மூலப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.